கியூரேட்டர் என்றொரு வேலை

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். வழக்கமாக நான் நம் தோட்டத்தைப் பற்றியோ, ரஜுலா கப்பலில் வந்திறங்கிய நம் பாட்டன் பாட்டிமாரைப் பற்றியோ எழுதுவேன். இவ்வாண்டு ஒரு வேலையின் வரலாற்றை எழுதத் துணிந்திருக்கிறேன். நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத வேலை அது. ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஒரு நாள் மாலை. பள்ளி முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகும் நேரம். முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பெண்பிள்ளை ஒருத்தி தாயாரோடு வந்து நின்றாள். காட்சிக்கலைக் கல்வியில் மிக நல்ல தேர்ச்சி. தாயார் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

"சார், நீங்களாச்சும் இவளுக்குப் புத்தி சொல்லுங்க. நர்ஸ் வேலைக்கு எழுதிப் போடுன்னா, என்னமோ கியூரேட்டர் ஆவணும்ங்கிறா. அது என்னா சார் வேலை? சோறு போடுமா?"

எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் வாத்தியார் தெரியாது என்று சொல்லலாமா? "மியூசியத்துல பழைய சாமானையெல்லாம் பார்த்துக்குற வேலைம்மா" என்று சமாளித்தேன். பிள்ளை சிரித்துவிட்டாள். "பாதிதான் சார் சரி" என்றாள். பிறகு அவள் என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் எனக்குக் கட்டுரை ஓடாது.

அந்த மீதிப் பாதியைத் தேடித்தான் ஓராண்டாகக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றே கையில் உள்ளவன் நான். கலை வரலாற்றைக் கரைத்துக் குடித்தவன் அல்லேன். தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

கியூரேட்டர் என்பது இலத்தீன் சொல். அதன் வேர்ச்சொல்லுக்குப் பேணுதல், பார்த்துக்கொள்ளுதல் என்று பொருள். பழைய ரோமாபுரியில் அது ஓவியத்தோடு சேர்ந்த வேலையாக இருக்கவில்லை. சாலைக்கு ஒரு கியூரேட்டர், குடிதண்ணீருக்கு ஒரு கியூரேட்டர் என்று வைத்திருந்தார்கள். கி.பி. 97ஆம் ஆண்டில் ஃபிரன்டைனஸ் என்ற பெரியவர் ரோம் நகரத்துத் தண்ணீருக்குக் கியூரேட்டராக நியமனம் பெற்றார். எந்தக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தண்ணீர் சுமக்கிறது, வழியில் யார் யார் திருட்டுக்குழாய் போடுகிறார்கள் என்பதுவரை அவர் எழுதிவைத்த நூல் இன்றும் இருக்கிறது. நம் லயங்களில் காலையில் தண்ணீர் வராத நாட்களில் இப்படி ஒருவர் நமக்கும் இருந்திருக்கலாம் என்று பாட்டிமார்கள் சொல்லக்கூடும்.

பின்னாளில் அந்தச் சொல் அரும்பொருட்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டில் அதன் பழைய தடம் தைப்பிங்கில் உள்ளது. 1883ல் தொடங்கப்பட்ட பேராக் அரும்பொருட்சாலைக்கு முதல் கியூரேட்டராக இருந்தவர் லியோனார்ட் ரே என்ற ஆங்கிலேயர். பாம்பு, பறவை, ஈட்டி, கூடை, ஈயக்கட்டி எல்லாவற்றையும் சேகரித்து, பெயர் எழுதி ஒட்டி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காலத்து வேலை. தமிழில் இவரைக் காப்பாட்சியர் என்கிறோம். மலாய்மொழியில் குராத்தோர். நான் அந்தத் தாயாரிடம் சொன்ன பாதி இதுதான்.

சரி, மற்ற பாதி?

இன்று உயிரோடு இருந்து வரைகிறவர்கள், செதுக்குகிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய ஆக்கங்களைச் சமகாலக் கலை என்பார்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, ஊருக்குக் காட்டுகிறவர்தான் சமகாலக் கலையின் கியூரேட்டர். காப்பாட்சியர் வேலையைக் காட்டிலும் இதில் தலைவலி அதிகம். செத்துப்போனவர் படத்தை மாட்டினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அது நல்ல படமென்று உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. உயிரோடிருப்பவர் செய்ததை, 'இதைப் பாருங்கள், இதில் விஷயம் இருக்கிறது' என்று முதல் ஆளாகச் சொல்ல வேண்டுமானால் துணிச்சல் வேண்டும். தவறாகவும் போகலாம்.

இந்த வேலையை ஒரு தனித் தொழிலாக ஆக்கியவர் என்று பலரும் சுட்டும் மனிதர் ஹரால்ட் ஸீமன். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் 1933ல் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் பேரன். கலை வரலாறு படித்தார். படிக்கிற காலத்திலேயே நாடகப் பைத்தியம். நடித்தார், மேடைக்குத் திரை வரைந்தார், கடைசியில் எல்லா வேடத்தையும் தாமே போட்டுக்கொண்டு தனி ஆளாக நாடகம் நடத்தினார். அந்த நாடகப் பழக்கம்தான் பின்னாளில் கைகொடுத்தது என்பது என் எண்ணம். கண்காட்சியும் ஒருவகைக் கூத்துதானே? யார் முதலில் வருவது, யார் பக்கத்தில் யார் நிற்பது, வெளிச்சம் எங்கே விழுவது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் அது கைகூடும்.

1961ல், 28ஆம் வயதில், பெர்ன் நகரத்துக் குன்ஸ்தாலே என்ற கலைக்கூடத்துக்குத் தலைவரானார். அந்தக் கூடத்துக்கென்று சொந்தமாகப் படச் சேமிப்பு கிடையாது. வருவதும் போவதுமாகக் கண்காட்சிகள்தான். 1968ல் கட்டடம் முழுவதையும் துணியால் பொட்டலம் கட்ட கிறிஸ்டோ என்ற கலைஞருக்கு இடம் கொடுத்தார். ஊர் சிரித்தது. மறு ஆண்டு நடந்ததற்கு ஊர் சிரிக்கவில்லை.

1969 மார்ச் மாதம் அவர் திறந்த கண்காட்சிக்கு 'மனப்பாங்குகள் வடிவமாகும்போது' என்று பெயர். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இளங்கலைஞர்கள் வந்தார்கள். சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை அவர்கள். ரிச்சர்ட் செர்ரா ஈயத்தை உருக்கிச் சுவரடியில் வீசினார். லாரன்ஸ் வெய்னர் சுவரின் பூச்சில் ஒரு சதுரத்தைப் பெயர்த்தெடுத்து, அந்தப் பெயர்ந்த இடமே தம் படைப்பு என்றார். ஜோசப் பாய்ஸ் சுவரோரம் கொழுப்பைப் பூசினார். மைக்கேல் ஹைசர் வாசலில் இருந்த நடைபாதையை, கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் உடைத்தார். வரிப்பணம் கட்டுகிற பெர்ன் மக்கள் சும்மா இருப்பார்களா? கலைக்கூடத்து வாசலில் சாணி எருவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஒன்று சொல்கிறேன். நானும் அந்த ஊரில் இருந்திருந்தால் எரு கொட்டியவர்கள் பக்கந்தான் நின்றிருப்பேன். இதைப் படித்த முதல் நாள், இதெல்லாம் கலையா என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. அந்தக் கலைஞர்கள் முடிந்த பொருளைக் காட்ட வரவில்லை. ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்பதைக் காட்ட வந்தார்கள். செய்து முடித்த நாற்காலியைவிடத் தச்சர் இழைப்புளி போடுவதை வேடிக்கை பார்க்கத்தானே நம் பிள்ளைகள் கூடுகிறார்கள்! அந்த ஆண்டே கூடத்தை நடத்திய குழுவினருக்கும் ஸீமனுக்கும் ஒத்துவராமல் போய், அவர் பதவியை விட்டு விலகினார். அதே கண்காட்சியை 2013ல் வெனிஸ் நகரில் ஓர் அரண்மனைக்குள் மறுபடி அமைத்துக் காட்டினார்கள். சாணி விழுந்த வாசலைப் பற்றி உலகமெங்கும் மாணவர்கள் இன்று பரீட்சை எழுதுகிறார்கள்.

வேலையை விட்டவர் என்ன செய்தார் என்பதுதான் நம்மவர்களுக்குச் சுவையான பகுதி. தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, விருந்தாளித் தொழிலாளிகளின் பெயரை அதற்கு வைத்தார். 'அறிவுவழி விருந்தாளி வேலைக்கான ஏஜென்சி' என்று அதைத் தமிழாக்கலாம். விருந்தாளித் தொழிலாளி என்றால் யார்? இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து சுவிட்சர்லாந்தில் சாலை போட்டவர்கள், கட்டடம் எழுப்பியவர்கள். பெயரில்தான் விருந்து, இருப்பதென்னவோ கொட்டகையில். அந்நியர் தொகையைக் குறைக்க வேண்டுமென்று அந்நாட்டில் 1970ல் பொது வாக்கெடுப்பே நடந்து, அந்தத் தீர்மானம் தோற்றது. அப்படிப்பட்ட நேரத்தில் படித்த மனிதர் ஒருவர், நானும் ஒரு விருந்தாளித் தொழிலாளிதான், கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு வருவேன் என்று பலகை மாட்டினார். ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, இந்த இடத்தைப் படிக்கையில் அந்த மனிதர் மீது எனக்கு ஒரு பிரியம் ஏற்பட்டுவிட்டது. எந்தக் கூடத்தையும் சாராமல், கண்காட்சி அமைப்பதையே தொழிலாகக் கொண்ட தனி ஆள் என்ற வழி இங்கேதான் திறந்தது.

1972ல் ஜெர்மனியின் காஸல் நகரில் ஐந்தாவது டாக்குமெண்டாவை அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. போரில் குண்டு விழுந்து நொறுங்கிய அந்த ஊரில், 1955ல் அர்னால்ட் போடே என்ற ஓவியர் தொடங்கிய பெருங்கண்காட்சி அது; நூறு நாள் நடக்கும். ஸீமன் கைவண்ணத்தில் அது உலகம் பேசும் காட்சியாயிற்று. ஆனால் கணக்கில் துண்டு விழுந்தது. அதை நீர்தான் கட்ட வேண்டும் என்று அவர் கழுத்துக்கே கத்தி வந்தது. சோறு போடுமா என்று கேட்ட அந்தத் தாயாருக்கு இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வளவு பெரிய காட்சியை நடத்திய மனிதர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? 1974ல் பெர்ன் நகரத்து அடுக்குவீடு ஒன்றில், தம்முடைய தாத்தாவைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். தாத்தா எத்தியன் ஸீமன் முடிதிருத்துகிறவர், 1971ல் காலமாகியிருந்தார். அவருடைய கத்தரிகள், சீப்புகள், பெண்களின் தலைமுடியைச் சுருட்டுவதற்காக அவர் செய்த, ஒயர்கள் தொங்கும் இயந்திரம், வீட்டு நாற்காலிகள், காசு, கடிதங்கள், புகைப்படங்கள். இவற்றைச் சீராக அறை அறையாக வைத்து, 'தாத்தா: நம்மைப் போல் ஒரு முன்னோடி' என்று தலைப்பும் கொடுத்தார். உருக்கிய ஈயத்துக்கும் கொழுப்புக்கும் கொடுத்த அதே கவனம் தாத்தாவின் சீப்புக்கும் கிடைத்தது. ஸீமன் 2005ல் மறைந்தார். அவர் சேர்த்துவைத்திருந்த கடிதக் கட்டுகளையும் கோப்புகளையும் அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிலையம் 2011ல் வாங்கிக்கொண்டது. அவர்கள் முதலில் கிளறி எடுத்தவற்றுள் இந்தத் தாத்தா கண்காட்சியும் ஒன்று. 2018ல் அதைத் திரும்ப அமைத்துக் காட்டினார்கள்.

நிற்க. இதே 1974ல் நம் கோலாலம்பூரில் நடந்ததற்கு வருவோம்.

நம் தேசிய ஓவியக் கூடம் 1958 ஆகஸ்டு மாதத்தில் ஜாலான் அம்பாங்கில், துங்கு அப்துல் ரஹ்மான் கையால் திறக்கப்பட்டது. கையிலிருந்த சேமிப்பு, நன்கொடையாக வந்த நான்கே படங்கள்! கியூரேட்டர் என்று படித்துப் பட்டம் பெற்றவர் எவரும் அப்போது இல்லை. கூடத்தின் கௌரவச் செயலாளராக ஓடியாடி வேலை செய்தவர் ஃபிராங்க் சலிவன், துங்குவின் பத்திரிகைச் செயலாளராக இருந்த ஆஸ்திரேலியர். ஆக, இங்கே இந்த வேலையை முதலில் சுமந்தவர் ஒரு பத்திரிகைக்காரர். அடுத்துச் சுமந்தவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியார்.

ரெட்சா பியதாசா 1939ல் குவாந்தானில் பிறந்தவர், சிங்கள வம்சாவளியினர். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் என்ற இடத்தில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. பியதாசா அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர். பின்பு லண்டன் ஹார்ன்ஸி கலைக் கல்லூரியில் படித்து, திரும்பி வந்து மாரா தொழில்நுட்பக் கழகத்தில் போதித்தார். அவரும் சுலைமான் ஈசாவும் சேர்ந்து 1974ல் டேவான் பஹாசாவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'மறைபொருள் உண்மையை நோக்கி' என்பது அதன் தலைப்பின் கருத்து. அங்கே ஓவியம் வரைந்து மாட்டவில்லை. பாதி குடித்து வைத்த இரண்டு கொக்கோகோலா போத்தல்கள். பலர் உட்கார்ந்து எழுந்த ஒரு காலி நாற்காலி. 1974 ஜூன் 10 திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பின் காலியாகக் கிடந்த கூண்டு. பெட்டாலிங் ஜெயாவின் முடிதிருத்தும் கடை ஒன்றிலிருந்து அள்ளிவந்த முடி!

பெர்னில் தாத்தாவின் கத்தரி, பெட்டாலிங் ஜெயாவில் வெட்டி விழுந்த முடி. இரண்டும் ஒரே ஆண்டு. இவருக்கு அவர் செய்தி தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பியதாசா முடியை வைத்ததற்குக் காரணம் வேறு. மேல்நாட்டுக்காரன் பொருளைப் பார்க்கிறான். நாம் காலத்தைப் பார்க்கவேண்டும், அந்த முடி ஒருவருடைய தலையில் வளர்ந்த காலத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் இருவரும் எழுதி வெளியிட்ட நீண்ட அறிக்கையின் சாரம். நான் முதலில் கூண்டுக்கு எழுதிய குறிப்பைப் படித்துச் சிரித்தேன். பிறகு அந்த 2.46 மணி மனதைவிட்டுப் போகவில்லை. யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் கூண்டு.

பியதாசா அதோடு நிற்கவில்லை. தாம் வரைந்ததைவிட மற்றவர்கள் வரைந்ததைப் பற்றி எழுதியும் பேசியும் கண்காட்சிகள் அமைத்தும் அதிகம் உழைத்தார். 2007ல் மறைந்தார். அவரோடு தோள் சேர்ந்து நின்றவர் பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தி. க. சபாபதி. நம்மவர்!

சபாபதி 1938ல் சிங்கப்பூரில் பிறந்தவர். அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1955ல் ஓர் ஓவிய அரும்பொருட்சாலையை நிறுவி, கலை வரலாறும் போதித்தார் மைக்கல் சலிவன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். அவர் வகுப்பில் உட்கார்ந்ததால் சபாபதியின் வாழ்க்கை திசைமாறியது. கலிபோர்னியாவிலும் லண்டனிலும் மேற்படிப்பு. எழுபதுகளில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு சிங்கப்பூர் திரும்பினார். பத்திரிகைகளில் ஓவிய விமர்சனம் எழுதினார். 1983ல் அவரும் பியதாசாவும் சேர்ந்து எழுதிய மலேசிய நவீன ஓவியர்கள் பற்றிய நூலை டேவான் பஹாசா வெளியிட்டது. நம் நாட்டு ஓவியத்தைப் படிக்க வருகிறவர்கள் இன்றும் கையிலெடுக்கும் நூல் அது. 1996 ஜனவரியில் சிங்கப்பூர் கலை அரும்பொருட்சாலை திறந்தபோது தென்கிழக்காசிய ஓவியங்களைப் பற்றிய அதன் தொடக்கக் கண்காட்சிக்குப் பொறுப்பேற்றவரும் அவரே. அந்த அரும்பொருட்சாலை இருந்த கட்டடம் பழைய செயின்ட் ஜோசப் பள்ளிக்கூடம். வகுப்பறைகள்தாம் காட்சியறைகளாயின என்பதைப் பள்ளி மலரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இன்னொரு செய்தி. 1988ல் சிங்கப்பூர் நன்யாங் நுண்கலைக் கழகத்து இளைஞர்கள் மூவர், எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார், 'திருமூர்த்தி' என்று பெயரிட்டு ஜெர்மானியக் கலாசார நிலையமான கோதே நிலையத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஓர் இந்தியர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர். ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் முடிந்துபோன காட்சி. பத்தாண்டு கழித்து 1998ல் சபாபதி அதை மீண்டும் எடுத்துப் பார்த்து, அரும்பொருட்சாலையில் அதற்கொரு கண்காட்சி அமைத்தார். முடிந்துபோனதைத் திரும்பிப் பார்த்து, இது முக்கியம் என்று பதிவுசெய்யும் ஆள் ஒருவர் இருந்ததனால்தான் இன்று அந்த மூவரைப் பற்றி நானும் எழுத முடிகிறது.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒக்வி என்வேசோர் என்று ஒருவர். நைஜீரியாவில் 1963ல் பிறந்து 1982ல் நியூயார்க் போனவர். படித்ததோ அரசியல் அறிவியல். ஆப்பிரிக்கக் கலைஞர்களைப் பற்றி எழுத ஆளில்லையே என்று 1994ல் நண்பர்களோடு தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1996ல், ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்களைப் பற்றி நியூயார்க்கின் குகன்ஹைம் அரும்பொருட்சாலையில் நடந்த கண்காட்சியை அமைத்தவர்களுள் ஒருவரானார். 2002ல் காஸல் டாக்குமெண்டாவுக்கு, ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த முதல் தலைவர். அதற்கான கருத்தரங்குகளில் ஒன்றைப் புதுதில்லியில் நடத்தினார். 2019ல் மறைந்தார். ஹான்ஸ் உல்ரிக் ஒப்ரிஸ்ட் என்ற சுவிஸ் இளைஞரோ 1991ல், மாணவராக இருக்கும்போதே, தாம் சமைக்காத தம் சமையலறையில் கண்காட்சி வைத்தார். மூன்று மாதத்தில் பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர்! இன்று உலகில் அதிகம் அறியப்பட்ட கியூரேட்டர்களில் அவர் ஒருவர். இவர்கள் எவரும் கியூரேட்டர் என்ற சான்றிதழோடு வெளியே வந்தவர்கள் இல்லை. அதற்கென்றே பள்ளி பிரான்சின் கிரனோபிளில் 1987ல்தான் வந்தது. லண்டன் ராயல் கலைக் கல்லூரி முதுகலை வகுப்பு 1992ல்.

இதைப் படித்துவிட்டு, படிக்காமலே ஆகிவிடலாம் போலிருக்கிறதே என்று எந்த மாணவரும் துள்ள வேண்டாம். இன்று அரும்பொருட்சாலை வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள். பினாங்குப் பல்கலைக்கழகத்திலும் மாராவிலும் கலைப்படிப்பு உண்டு. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கே முதுகலை வகுப்பு இருக்கிறது. வேலையும் பகட்டானது இல்லை. ஓவியர் வீடு வீடாய் ஏறி இறங்குவது, இரவல் வாங்கும் படத்துக்கு ஒப்பந்தம் எழுதுவது, காப்புறுதி எடுப்பது, படம் வந்திறங்கியதும் எந்த மூலையில் கீறல் இருக்கிறதென்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வது, பக்கத்தில் ஒட்டும் சிறு அட்டைக்கு ஐம்பது சொல்லில் விளக்கம் எழுதுவது. காகிதத்தில் வரைந்த படத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாதாம். மீறினால் சாயம் வெளுக்கும். நாமோ பிள்ளைகள் படத்தைச் சன்னலோரம் வெயிலில் ஒட்டுகிறோம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. "சார், நாங்க ஆறாம் ஆண்டுல வரைஞ்ச படமெல்லாம் எங்க சார் இருக்கு? அந்தப் பழைய சார் போட்ட பறவைப் படங்கள்லாம்?"

அவள் கேட்டது, பல்லாண்டுகளுக்கு முன் இப்பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியர் அட்டையில் வரைந்த பறவைகள். இருவாட்சி, மீன்கொத்தி, மைனா. ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ப்பெயரும் மலாய்ப்பெயரும் அழகான எழுத்தில் இருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன் நம் பள்ளி தோட்டத்திலிருந்து இப்போதுள்ள இடத்துக்கு மாறியபோது, சாமான் அறையைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மறுநாள் காலை லாரி வந்துவிடும். படச் சுருள்களின் ஓரத்தில் கரையான் ஏறியிருந்தது. புதிய கட்டடத்துக்குக் கரையானைக் கொண்டுபோகக்கூடாது என்று எண்ணி, எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னேன். நான்தான் சொன்னேன். வேறு யார் மீதும் பழியில்லை. ஓரத்தில்தான் அரித்திருந்தது, பறவைகள் முழுதாக இருந்தன. பூச்சி பிடித்த காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, சில நாள் உறைபெட்டிக்குள் வைத்தால் பூச்சி செத்துவிடும் என்பது அரும்பொருட்சாலைக்காரர்களுக்குச் சாதாரண வேலையாம். கோழி வைக்கிற உறைபெட்டி ஒன்று நம் கேண்டீனிலேயே இருந்தது.

பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தாயார்தான், "விடுங்க சார், பழைய காகிதம்தானே" என்றார். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இல்லை. இப்போது அவள் ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். தாயார் நர்ஸ் படிப்புப் பாரத்தையும் பத்திரமாக வைத்திருப்பதாகக் கேள்வி.

சென்ற ஆண்டு இறுதியில் தலைமையாசிரியர் அனுமதியோடு அலுவலகத்துப் பழைய இரும்பு அலமாரி ஒன்றைக் காலி செய்து வைத்திருக்கிறேன். இதுவரை அதில் பதினொரு பொருள்கள் சேர்ந்துள்ளன. பால்மரம் சீவும் கத்தி இரண்டு, மங்கு நான்கு, தோளில் காண்டா போட்டுச் சுமந்த பால்வாளி ஒன்று, ஆயாக்கொட்டகைத் தொட்டில் கம்பி ஒன்று, பழைய பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்று, இவ்வாண்டு நான்காம் ஆண்டு மாணவர் வரைந்த படங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, யாருடையது, எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதியிருக்கிறேன். பால்வாளிக்கு மட்டும் அட்டை காலியாக இருக்கிறது. அடிப்பாகத்தில் ஆணியால் கீறிய 47 என்ற எண் உள்ளது. பழைய மேல்லயத்துக்காரர்களில் யாருக்காவது அது யாருடைய வாளி என்று நினைவிருந்தால், பள்ளி அலுவலகத்தில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். பறவைப் படங்களை எவராவது எப்போதாவது புகைப்படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.